நாலு பேர் சேர்ந்து படித்த பி.ஏ.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நாலு புத்திசாலிகள் வேலை பார்த்தார்கள். அவர்கள் புத்திசாலிகள் என்பது அவர்களே சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

அதில் மருதாசலத்துக்குப் பூங்கோதை மேல் உயிர். பூங்கோதையின் அப்பாவோ, "படிக்காத பையனுக்குப் பொண்ணு இல்லீங்க தம்பி. காலேஜ் பரீட்சை ஒண்ணாவது எழுதிட்டு வாங்க, பொண்ணு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

மருதாசலம் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தான். பாவம், தனியாகப் படிக்கப் பயப்படுவானே என்று மற்ற மூவரும் சேர்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வாத்தியார், "நாலு பேரும் சேர்ந்து படிங்கப்பா, சுலபமா முடிஞ்சிரும்" என்றார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"சேந்துன்னா எப்படிடா?" என்றான் நாச்சிமுத்து.

"நம்ம கம்பெனியில எப்படி? ஒருத்தன் பீஸ் வெட்டறான், ஒருத்தன் தைக்கறான், ஒருத்தன் தேய்க்கறான், ஒருத்தன் மடிக்கறான். ஒருத்தனே எல்லாத்தையும் பண்ணுனா வேலை ஓடுமா?" என்றான் வெள்ளியங்கிரி.

ஓடாது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். வாசிப்பது வெள்ளியங்கிரி, புரிந்துகொள்வது கதிரேசன், மனப்பாடம் நாச்சிமுத்து. கையெழுத்து அழகு என்பதால் எழுதுவது மருதாசலம். ஒருநாள் அவன் ஆசையாகப் புத்தகத்தை எட்டிப் பார்த்தபோது, "என்ற வேலையில ஏன்டா கை வைக்கிற?" என்று வெள்ளியங்கிரி பிடுங்கிக்கொண்டான்.

பரீட்சை வந்தது. வெள்ளியங்கிரி வினாத்தாளை ஒருமுறை வாசித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். கதிரேசன் புரிந்துகொண்டு சிரித்தான். நாச்சிமுத்து கண்ணை மூடி முணுமுணுத்தான். மருதாசலம் மட்டும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னாடி உட்கார்ந்திருந்த மூவரையே பார்த்தான்.

"ஏம்ப்பா எழுதல?" என்றார் மேற்பார்வையாளர்.

"பின்னாடி இருந்து இன்னும் பீஸ் வரலீங்க சார்."

அவர் ஒன்றும் புரியாமல் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். கடைசியில் அவன் தன் பெயரை மட்டும் முத்துமுத்தாக எழுதிக் கொடுத்தான். அவனவன் வேலையில் குறையே வைக்கவில்லை என்று வெளியே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அதே சந்தோஷத்தில் பெண் பார்க்கப் போனார்கள். பஸ்ஸிலேயே வேலை பிரித்தாகிவிட்டது. பெண்ணைப் பார்ப்பது வெள்ளியங்கிரி, பஜ்ஜி கதிரேசன், காப்பி நாச்சிமுத்து, சம்மதம் சொல்வது மருதாசலம். மருதாசலம் தலை குனிந்தபடியே, "பிடிச்சிருக்குங்க" என்றான்.

அப்பா முகம் மலர்ந்து, "நீ என்ன சாமி சொல்ற?" என்று மகளைக் கேட்டார். பூங்கோதை நிதானமாக, தெளிவாக, நாலு வாக்கியம் பேசினாள். நால்வரும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் மருதாசலம் ஆவலாக, "பொண்ணு என்னடா சொல்லுச்சு?" என்றான்.

மூவரும் அவரவர் வேலையை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

"கேக்கறதுக்கு ஆளே போடலையேடா!" என்றான் வெள்ளியங்கிரி.

கதிரேசன் வயிற்றைத் தடவிக்கொண்டே வருத்தப்பட்டான்: "கேட்டிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். இன்னிக்குன்னு பாத்து என்னைய பஜ்ஜிக்குப் போட்டுட்டீங்களே!"