மணிக்கொழுக்கட்டை பறந்த கதை

என் அக்கா வீட்டுக்காரர் குஞ்சிதபாதம் பொய்யே சொல்லமாட்டார். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கும்பகோணத்துக்காரர், எங்கள் கோயமுத்தூரில் பெண்ணெடுத்து இங்கேயே வீட்டையும் கட்டிக்கொண்டவர். பொங்கல் லீவுக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவர் வீட்டில்தான் கூடுவோம். ராத்திரிச் சாப்பாடு அக்கா சொர்ணலதாவின் பொறுப்பு. அதற்கு முன்னால் கொறிக்க ஏதாவது வேண்டுமே என்று அவள் கடையில் பஜ்ஜி சொல்லப் போனபோது மச்சான் தடுத்துவிட்டார்.

"கடை பஜ்ஜியா? என் வீட்டுலயா? ஸ்டார்ட்டர் நான் பண்றேன். சின்னச் சின்னதா, சைவமா, ஒரு வாய்க்கு ஒண்ணு. உடுமலைக்காரங்க வந்து இறங்கும்போது தட்டு தயாரா இருக்கும். இல்லைன்னா இனிமே இந்த அடுப்படிப் பக்கமே நான் வரமாட்டேன்."

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள் அக்கா. மச்சானுக்குச் சமையல் என்றால் உயிர். அடுப்படியைப் பணயம் வைக்கிறார் என்றால் விஷயம் சாதாரணமில்லை.

முதல் ஆளாக வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தவர் பொள்ளாச்சி நாச்சிமுத்துப் பெரியப்பா. தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். "ஸ்டார்ட்டருங்களா? எத்தனை எச்.பி. மோட்டாருக்குங்க மாப்பிள்ளை?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"இது திங்கிற ஸ்டார்ட்டர் மாமா. மணிக்கொழுக்கட்டை. அரிசி மாவுல உப்பு, ஒரு கரண்டி நல்லெண்ணெய், கொதிக்கிற தண்ணி. பிசைஞ்சு, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, ஆவியில வேகவச்சு, கடுகு மிளகாய் தாளிச்சுத் தேங்காய்ப்பூ தூவினா முடிஞ்சுது. இதைவிடச் சுலபமா உலகத்துல ஒண்ணு கிடையாது."

உருட்டினார். இட்லிப் பானையில் அடுக்கினார். மூடினார். அடுப்படிக் கதவையும் சாத்திவிட்டு வெளியே வந்து, "நான் சொல்றவரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது, பக்குவம் கெட்டுடும்" என்றார். பிறகு எங்கள் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்தாலே ஒரு கும்பகோணத்துக் கதை வரும்.

"மாப்ள, கும்பகோணத்துல ஒரு தீபாவளிக்கு இதே கொழுக்கட்டையை நான் உருட்டினேன் பாரு, கை போற வேகத்துல கையே கண்ணுக்குத் தெரியலை. மாவு தானா உருளுதுன்னு நினைச்சு எதிர்வீட்டுக்காரர் கன்னத்துல போட்டுக்கிட்டார்."

"செரிங்க" என்றார் பெரியப்பா. அவர் 'செரிங்க' என்றால் நம்பவில்லை என்று அர்த்தம்.

"அது பெரிசில்லை மாமா. வெந்ததும் மூடியைத் திறந்தேன். அவ்வளவு மிருது. அவ்வளவு லேசு. ஒண்ணொண்ணா எழும்பி மேல போய் உத்தரத்துல ஒட்டிக்கிச்சு. அப்புறம் ஒட்டடைக் குச்சியால தட்டித் தட்டி இறக்கினோம்."

"ஒட்டடையோடவா தின்னீங்க?"

"எங்க வீட்டுல ஒட்டடையே கிடையாதே."

"அப்பறம் ஒட்டடைக் குச்சி எதுக்குங்க வாங்கி வெச்சீங்க?"

மச்சான் ஒரு விநாடி யோசித்தார். "கொழுக்கட்டை தட்டத்தான்" என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். இந்த மனிதரை எந்தக் கோர்ட்டிலும் மடக்க முடியாது.

"ஒவ்வொரு தடவையும் தட்டி இறக்க முடியுமா? ஒரு யோசனை பண்ணேன். பூசணிக்காயைப் பாதியா வெட்டிக் கவுத்து, கொழுக்கட்டைக்கு ஒரு குச்சின்னு குத்தி அதுல நட்டு வச்சேன். இன்னைக்குக் கல்யாணத்துல, ஓட்டல்ல, எல்லாத்துலயும் பல்குத்துற குச்சியைச் சொருகித் தர்றான் பாரு. எதுக்குச் சொருகுறோம்னு அவனுக்கே தெரியாது. பறக்காம இருக்கத்தான். ஆரம்பிச்சு வச்சது நான்."

"பூசணிக்காய் தாங்குச்சுங்களா மச்சான்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்க தாங்குச்சு? பூசணிக்காயும் சேர்ந்து ஒரு முழம் எழும்பிடுச்சு. அம்மிக்குழவியைத் தூக்கி மேல வச்சுத்தான் பரிமாறினோம். அன்னைக்கு வந்திருந்தார் ரைஸ்மில் கலியபெருமாள். உட்கார்ந்தா பெஞ்சு அழும், அப்படி ஆளு. வேண்டாம் சார், ரெண்டோட நிறுத்திக்குங்கன்னு கெஞ்சுறேன். ருசி விடலை. ஒரு தட்டைக் காலி பண்ணிட்டு ஏப்பம் விட்டார். அப்படியே நாற்காலியை விட்டு எழும்பினார்."

"எந்திரிச்சாருங்களா?"

"எந்திரிக்கலை மாமா. எழும்பினார். உட்கார்ந்த வாக்குலயே. நான் ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினேன். அதுக்குள்ள ஜன்னல் வழியா வெளியே போயிட்டார். வேட்டி நுனியைப் பிடிச்சேன். வேட்டி என் கையில வந்துடுச்சு, அவர் போயிட்டார்."

அக்கா வெற்றிலைத் தட்டைத் துடைத்தபடி வாசல் பக்கமாக வந்து நின்றாள். "அவரு வீட்டம்மா கத்தலீங்களா?" என்று கேட்டாள்.

"கலியபெருமாள் சம்சாரமா? விவரமான பொம்பளை. 'காத்து எந்தப் பக்கம் அடிக்குது'ன்னு கேட்டாங்க. கிழக்கேன்னு சொன்னேன். 'அப்ப திருவாரூர்ல எங்க நாத்தனார் வீடு இருக்கு, இந்தப் பலகாரப் பையையும் அவர் கையில குடுத்து விட்டுருங்க'ன்னாங்க."

"அப்பறம் எப்படிங்க கீழ எறங்குனாரு?" பெரியப்பா இப்போது முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அப்பக் கல்யாணம் ஆகலை. ஆகியிருந்தா உங்க பொண்ணு கிண்டுற மைசூர்பாகு ஒண்ணை வாயில போட்டு உடனே இறக்கியிருக்கலாம்." சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். பார்த்தபின் அவசரமாகத் தொடர்ந்தார். "கொழுக்கட்டை செரிக்கச் செரிக்கத் தானா இறங்கினார் மாமா. இறங்கின இடம் ஒரு கல்யாணப் பந்தி. இலைக்கு நேரா இறங்கிட்டார். யாரு என்னன்னு கேக்காம அவங்களும் சாம்பாரை ஊத்திட்டாங்க. மொய்யும் வச்சுட்டு, ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு பஸ்ல வந்து சேர்ந்தார்."

வாசலில் கார் வந்து நின்றது. உடுமலைச் சித்தி குடும்பம். பசியோடு வந்திருப்பது நடையிலேயே தெரிந்தது. மச்சான் துள்ளி எழுந்தார்.

"வாங்க, சரியான நேரத்துக்கு வந்தீங்க. எல்லாரும் அடுப்படிக்கு வாங்க. மூடியைத் திறக்கப்போறேன். ஃபேனை நிறுத்து மாப்ள. மாமா, எதையாவது கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

பெரியப்பா உண்மையிலேயே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நானும் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் போனேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் போனேன்.

மூடி திறந்தது. எதுவும் பறக்கவில்லை. ஆவிகூட வரவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடி வெள்ளை வெளேரென்று உருண்டைகள் இருந்தன. பெரியப்பா ஒன்றை விரலால் அமுக்கினார். அது பொதுக்கென்று அமுங்கியது.

"மாவு பச்சையா இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார். குனிந்து பானைக்கு அடியில் பார்த்தார். "அடுப்பே பத்த வெக்கலீங்களே."

மச்சான் முகத்தில் ஒரு சுருக்கம் விழவேண்டுமே, விழவில்லை.

"தெரிஞ்சுதான் விட்டேன் மாமா. கும்பகோணத்துல நான் அடுப்பே பத்த வச்சதில்லை. பக்கத்துல உட்கார்ந்து நாலு வார்த்தை பேசினாப் போதும், என் பேச்சுச் சூட்டுலயே வெந்துடும்."

அக்கா பஜ்ஜிக் கடைக்குப் போன் போட்டுக் காதில் வைத்தபடி திரும்பினாள்.

"ஆமாங்க பெரியப்பா. கட்டிக்கிட்ட நாள்ல இருந்து நான் அதுலதானுங்க வெந்துட்டு இருக்கறேன்."