நாவல்பழ ஓட்டு

காட்டுக் குளத்துக்குத் தலைவர் தேர்தல். போட்டியில் இரண்டே பேர். ஒருவன் உறுமன் என்ற காட்டுப்பன்றி. இன்னொருவர் வாயைத் திறக்கவே யோசிக்கும் ஆமையார்.

"நான் ஜெயிச்சா, நடுக்குளத்துல நாள் முழுக்கச் சேத்துக் குளியல்தான்!" என்று முழங்கினான் உறுமன்.

தத்தம்மா என்ற தவளை ஓடிப்போய்க் குளத்தை எட்டிப் பார்த்தாள். மழை பொய்த்த வருஷம். குளத்தில் கிடந்ததே முழங்கால் தண்ணீர். அதில்தான் அவள் பெற்ற தலைப்பிரட்டைகள் வாலாட்டிக்கொண்டிருந்தன. பன்றி புரண்டால் அத்தனையும் சேற்றில் புதைந்து போகும். பாவம், பெற்றவள் என்ன செய்வாள்?

அந்தக் காட்டில் ஓட்டுப் போடுவது நாவல்பழத்தால். வேட்பாளருக்கு ஆளுக்கொரு குழி. பிடித்தவர் குழியில் பழத்தைப் போட வேண்டும்.

"பொழுது சாயும்போது குழியில இருக்கிற பழம்தான் கணக்கு! அப்புறம் எவனும் நொண்டிச்சாக்கு சொல்லக் கூடாது!" என்று உறுமனே சட்டம் போட்டான். கோரைப்பல்லைக் காட்டிக்கொண்டு தன் குழியோரம் உட்கார்ந்தும் விட்டான். அப்புறம் என்ன? முயல், மான், குரங்கு என எல்லாரும் நடுங்கியபடி அங்கேயே போட்டார்கள். ஆமையார் குழியில் தத்தம்மாவின் ஒற்றைப் பழம் மட்டும்தான்.

"ஐயோ, என் பிள்ளைங்க போச்சே!" என்று தத்தம்மா கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் கவனித்தாள். உறுமனின் வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது! ஒரே தாவாகத் தாவி அவனிடம் போனாள்.

"உறுமண்ணே! எல்லாரும் மனசாரத்தான் போட்டாங்களா? எவனாவது வேணும்னே புளிச்ச பழமாப் போட்டிருந்தா?"

"எவனுக்கு அவ்வளவு கொழுப்பு? இப்பவே பாத்துடறேன்!"

ஒன்றைக் கடித்தான். தேனாக இனித்தது. "முயல் நல்லவன்!" இன்னொன்று. "மானும் நம்ம ஆளுதான்!" அப்புறம் பேச்சையே காணோம். சப்புக்கொட்டும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பொழுது சாய்ந்தது. எண்ணுவதற்குக் கிளி வந்தது.

"ஆமையாருக்கு ஒண்ணு! உறுமனுக்கு... அடடா, ஒண்ணுமே இல்லையே!"

"அநியாயம்! என் ஓட்டெல்லாம் வயித்துக்குள்ள இருக்கு!" என்று கத்தினான் உறுமன்.

"குழியில இருக்கிறதுதானே அண்ணே கணக்கு? நீங்க போட்ட சட்டமாச்சே!" என்றாள் தத்தம்மா.

உறுமன் மிரட்ட வாயைப் பிளந்தான். நாக்கு, பல், மூக்கு எல்லாம் ஒரே ஊதா! முயல்தான் முதலில் சிரித்தது. பிறகு காடே சிரித்தது. சிரித்ததும் எல்லாருக்கும் பயம் விட்டுப்போனது. உறுமன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு புதருக்குள் நுழைந்தான்.

"குளத்துல யாரும் புரளக் கூடாது. குழந்தைங்க இருக்காங்க" என்றார் ஆமையார். தலைவராகி அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். தத்தம்மா சந்தோஷத்தில் விடியவிடியக் கத்தினாள்.

ஊரார் போடும் ஓட்டைத் தன் வயிற்றுக்குத் தீனியாக நினைப்பவனுக்குப் பதவி தங்காது.