கரடித் துரையும் அணில்களின் சங்கமும்

பிரான்சு நாட்டுக் காடு ஒன்றில் நாற்பது அணில்கள் ஒரு தோப்பில் வால்நட் கொட்டை பறித்துப் பிழைத்து வந்தன. தோப்பின் முதலாளி கடலுக்கு அப்பால் வாழ்ந்த ஒரு கழுகு. அது தோப்பை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதன் சார்பில் அங்கே வேலை வாங்கியது, கழுகின் தேசத்திலிருந்தே வந்த ஒரு கரடி.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. யாரையும் வேலையிலிருந்து நிறுத்துவதற்கு முன், தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து காரணம் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும்.

ஒருநாள் காலை கரடி, “கழுகு ஐயா வேறு தேசத்தில் தோப்பு பார்த்துவிட்டார். நாளை முதல் யாரும் வர வேண்டாம்” என்றது.

அணில்கள் பதறின. பதினைந்து நாளில் பனி கொட்டத் தொடங்கிவிடும். அதற்குள் வேறு வேலை எங்கே தேடுவது?

சங்கத் தலைவரான முள்ளம்பன்றி கரடியின் குகைக்குப் போனது.

“துரை, எங்களோடு உட்கார்ந்து பேசினீர்களா?”

“எங்கள் ஊரில் அந்த வழக்கம் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.”

“அப்படியானால் உங்கள் ஊரிலேயே இருந்திருக்கலாமே?”

குகை வாசல் குறுகலானது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு அதில் படுத்துவிட்டது. அதன் பின்னால் நாற்பது அணில்கள். கரடியால் வெளியே வர முடியவில்லை. ஆனால் மதியமானதும் அதற்குச் சுடச்சுடக் கஞ்சி வந்தது.

“அடைத்தும் வைக்கிறீர்கள், சோறும் போடுகிறீர்களே?”

“சண்டை வேறு, பசி வேறு துரை” என்றது ஒரு கிழட்டு அணில். “உப்பு போதுமா?”

மூன்றாம் நாள் ஒரு காகம் கழுகின் கடிதத்தைக் கொண்டுவந்து வாசித்தது. ‘நாற்பது அணிலைச் சமாளிக்கத் தெரியாத கரடி எனக்கு எதற்கு? இன்றோடு நின்றுகொள்.’

கரடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. இந்தத் தேசத்தில் அதற்கு யாரைத் தெரியும்?

“வேண்டாம் என்றால் வேண்டாம்தானே துரை!” என்று ஓர் அணில் சிரித்தது.

முள்ளம்பன்றி சிரிக்கவில்லை. “உன்மேல் எனக்குள்ள கோபம் சாகும்வரை தீராது. ஆனால் நீயும் இந்தத் தோப்பில் உழைத்தவன். சட்டம் உனக்கும் உண்டு. எழுந்து வா.”

ஆந்தை நீதிபதியிடம் முள்ளம்பன்றி வழக்கைச் சொன்னது. அணில்களுக்காக எவ்வளவு பேசியதோ, கரடிக்காகவும் அவ்வளவு பேசியது.

ஆந்தை தீர்ப்புச் சொன்னது. “பேசாமல் நிறுத்தியது செல்லாது. வசந்தம் வரை நாற்பத்தோரு பேருக்கும் வேலை உண்டு. கழுகு மறுத்தால் பறித்து வைத்த கொட்டையில் ஒன்றுகூடக் கடல் தாண்டாது.”

கழுகு முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டது.

கரடிக்குக் கண் கலங்கியது. “முள்ளம்பன்றி ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்?”

“எனக்கு வேண்டாம். கஞ்சி ஊற்றியவர்களிடம் போய்ச் சொல்.”

கரடி மரம் மரமாகப் போய், நாற்பது அணில்களையும் தனித்தனியே கும்பிட்டது. அதற்கு ஒரு முழுப் பகல் ஆனது. முள்ளம்பன்றி அதன் பிறகும் கரடியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சங்கத்தின் பெயர்ப் பட்டியலில் கரடியின் பெயரைத் தன் கையாலேயே எழுதியது.

பிறர் உரிமையை மிதிப்பவனுக்கும் ஒருநாள் அதே உரிமை தேவைப்படும். பகையை மறக்காதபோதும் அந்த உரிமையை அவனுக்குப் பெற்றுத் தருபவர்களுக்கு அவன் என்றும் நன்றியோடு இருக்க வேண்டும்.