கடைசி வாரத் தண்ணீர்

தென்காசிப் பக்கத்து மடம் ஒன்றில் மெய்யம்மை குரு. ஆவுடையப்பன் சீடர். குருவைவிடச் சீடருக்குப் பதினெட்டு வயது அதிகம். மடத்தில் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை, ஆவுடையப்பனின் முழங்காலைத் தவிர.

அன்று காலை அவருடைய ஒரே மகள் பூங்கோதை புனேயிலிருந்து போன் செய்திருந்தாள். வேலைக்குப் போய் இருபது நாள்தான் ஆகிறது.

"பாஷை புரியலப்பா. சோறு இறங்கல. வந்துரட்டுமா?"

வா என்று சொல்ல நாக்கு துடித்தது. தாயில்லாத பிள்ளை. சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

தோட்டத்தில் கத்தரி நாற்றுகள் தட்டுத் தட்டாக இருந்தன. நடுவதற்கு இன்னும் ஒரு வாரம். மெய்யம்மை நிழல்வலையைச் சுருட்டிவிட்டுத் தண்ணீரையும் பாதியாகக் குறைத்திருந்தார். உச்சி வெயிலில் இலைகள் தொங்கின. ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரே ஒரு தட்டுக்கு மட்டும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டார்.

மாலையில் மெய்யம்மை வந்து தட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். ஊற்றாத நாற்றுகளும் வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்திருந்தன.

"இந்தத் தட்டு ஈரமா இருக்கே அண்ணாச்சி."

"வாடிப் போயிருந்துச்சும்மா. மனசு கேக்கல."

"சரி. இதை மட்டும் நாலு நாள் பிந்தி நடுவோம்."

திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை.

"இப்பவே தண்ணிய நிறுத்தி ஏன் இதுகளப் படுத்தணும்?"

"நட்ட பிறகு தலைக்கு மேல வலை கிடையாது. நாமளும் செம்போட பக்கத்துலயே நிக்க முடியாது."

அப்போது போன் அடித்தது, பூங்கோதைதான். ஆவுடையப்பன் இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இருந்து பாரும்மா. தீபாவளிக்கு எப்படியும் வரத்தானே போற. அப்பாவா? அப்பா நல்லாத்தான் இருக்கேன்."

போனை வைத்துவிட்டு மறுபடியும் கையில் எடுத்தார். மகளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அந்தக் குரலையாவது இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

"பொய் சொல்லிட்டேம்மா. நல்லால்லாம் இல்ல. கை மறுபடியும் போனுக்கேதான் போவுது."

மெய்யம்மை ஈரத் தட்டைத் தனியே நகர்த்தி வைத்தார்.

"இருவது வருசமா நாத்து வளக்கீங்க. உங்களுக்குப் பழகிருக்கும்."

"இல்ல அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும் கடைசி வாரம் கை செம்புக்குத்தான் போவும்."

"எப்படி அடக்குதீங்க?"

"அடக்குறதில்ல. செம்பு நிறைய மோந்துக்கிட்டு, நாத்தைத் தாண்டி வேலி வரைக்கும் நடந்துருவேன். அங்க ஒரு கருவேப்பிலை நிக்கி. அதுக்கு ஊத்திட்டு வருவேன்."

வேலிப் பக்கம் பார்த்தபடி அவரே தொடர்ந்தார்.

"அது ஏன் இம்புட்டு உசரமா வளந்துருக்குன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."