தண்ணீர் ஏறாத தொட்டி

ஒரு வீடு. அதன்மேல் ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர், அதைத் தட்டிப் பார்த்தவர் ஒருவர். நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன், நியாயத்தை நீங்கள் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையில் பரமானந்தம் என்று ஒருவர் இருந்தார். பெயருக்கும் மனசுக்கும் ஏழாம் பொருத்தம். அவர் மனைவி சந்திராவின் தங்கையைக் கட்டிய சகலை இசக்கிராஜ், வீடு வாங்கி வாடகைக்கு விட்டே மேலே வந்தவர். ஏற்கெனவே மூன்று வீடுகள். மூன்றாவது வீட்டில் பால் காய்ச்சிய அன்று பரமானந்தத்துக்குப் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் உழைத்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தை அவரும் தொடாமல் வைத்திருந்தார். அதில் ஒரு வீடு வாங்கினால், வாடகையை வைத்துக் கணவனும் மனைவியும் கடைசிவரை யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கலாம். தவறினால் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

எந்த வீட்டை வாங்குவது? அங்கேதான் வயிற்றெரிச்சல் புகுந்தது. இசக்கிராஜ் எந்த வீட்டின்மேல் கண் வைக்கிறாரோ அதுதான் நல்ல வீடு என்று பரமானந்தம் முடிவு கட்டியிருந்தார்.

இசக்கிராஜிடம் ஒரு பழக்கம் உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் எஞ்சினியர் அமலோற்பவத்தை அழைத்துப் போய் வீட்டைக் காட்டுவார். அந்த அம்மாள் சிறு சுத்தியலால் சுவரைத் தட்டி, தரையில் கோலிக்குண்டை உருட்டி, நல்லது கெட்டதை எழுதிக் கொடுத்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. ஒரு நாள் காலையில் அவர்கள் இருவரும் ஒரு மாடி வீட்டுக்குள் நுழைவதைப் பரமானந்தம் எதிர் டீக்கடையில் இருந்து பார்த்தார். மூன்று டீ குடிக்கும்வரை நகரவில்லை. எஞ்சினியர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தொட்டிக்கு நேர் கீழே இருந்த சமையலறையில் அரை மணி நேரம் அண்ணாந்தபடியே நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஒரு சமையலறையையே இவ்வளவு நேரம் ரசிக்கிறார் என்றால், வீடு எப்பேர்ப்பட்டதாக இருக்கும்! பரமானந்தத்துக்கு நெஞ்சு காந்தியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் சகலைகள் சந்தித்தார்கள். இசக்கிராஜின் கைப்பையில் எஞ்சினியர் எழுதிக் கொடுத்த நீல ஃபைல் எட்டிப் பார்த்தது.

"அந்த மாடி வீடு என்னாச்சு தம்பி?"

"அது வேண்டாம் அண்ணாச்சி. நீங்களும் அந்தப் பக்கம் போயிராதீங்க."

"ஏன்?"

"அதான் வேண்டாம்னு சொல்லுதேன்லா." இசக்கிராஜ் லேசாகச் சிரித்தார். ஃபைலை உள்ளே அழுத்தி, பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

தனக்கென்று ஒதுக்கிக்கொண்டு என்னை விரட்டுகிறான் என்று பரமானந்தம் பொருமினார். மறுநாள் காலையில் அமலோற்பவத்தின் அலுவலகத்தில் போய் நின்றார்.

"அந்த வீட்டப் பத்தி என்ன எழுதினீங்க மேடம்?"

"அது அவருக்காக எழுதினது சார். வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துத்தான் வேலையே எடுக்கேன். அவரா உங்களுக்குக் காட்டினா எனக்கு ஆட்சேபணை இல்ல. இல்லன்னா நீங்க கூப்பிடுங்க, உங்களுக்காகத் தனியா வந்து பாக்கேன். வியாழக்கிழமை வரலாம்."

வியாழக்கிழமையா! பரமானந்தம் வெளியே வந்து செருப்பை மாட்டினார். அமலோற்பவம் வாசல்வரை வந்தார்.

"சார், எந்த வீடா இருந்தாலும் தொட்டிய ரொப்பச் சொல்லி, ஒரு நாள் முழுக்க வச்சுப் பாத்துட்டு முன்பணம் கொடுங்க. வாங்கப் போற எல்லார்ட்டயும் நான் சொல்லுததுதான்."

ஒரு நாள்! இசக்கிராஜ் முந்திக்கொள்ள அது போதுமே. இரண்டு பேரும் கூட்டு என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போனார். சமையலறைக் கூரையில் புதிதாகப் பட்டி பார்த்து வெள்ளை அடித்திருந்தார்கள். குழாயைத் திருகினார், தண்ணீர் வரவில்லை.

"மோட்டார் ரிப்பேர் சார். ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார் வீட்டுக்காரர்.

இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லப் பரமானந்தம் வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் இசக்கிராஜின் ஸ்கூட்டர் மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான், முன்பணம் கை மாறியது. ஒரே வாரத்தில் பத்திரமும் பதிந்தாயிற்று. பால் காய்ச்சும் அன்று சகலையின் முகம் எப்படி வாடப் போகிறது என்று நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள்தான் மோட்டார் சரியாகித் தொட்டியில் தண்ணீர் ஏறியது. விடிந்ததும் பால் சட்டியும் கையுமாக வந்து கதவைத் திறந்தால், சமையலறைக் கூரையின் பூச்சு முழுவதும் அடுப்பு மேடைமேல் கிடந்தது. மேலே துருப்பிடித்த கம்பிகள் பல்லை இளித்தன. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூரையை இடித்துக் கட்டாமல் யாரையும் குடிவைக்க முடியாது, கட்டுவதற்கோ கையில் ஒன்றும் மிச்சமில்லை. சந்திரா பால் சட்டியை முந்தானையால் மூடிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பரமானந்தம் இரண்டு பேரையும் வரவழைத்துக் கத்தினார். "தெரிஞ்சே என்னக் குழியில தள்ளிட்டீங்களே!"

"வேண்டாம்னு சொன்னேன்லா அண்ணாச்சி" என்றார் இசக்கிராஜ்.

"எப்படிப் பாக்கணும்னு சொன்னேனே சார்" என்றார் அமலோற்பவம்.

ஒருவர் தடுத்தார், காரணத்தைச் சொல்லவில்லை. மற்றவர் வழியைச் சொன்னார், விஷயத்தைச் சொல்லவில்லை. இவர்கள் இருவரில் யார் செய்தது சரி?

விடை: அமலோற்பவம் செய்ததே சரி. அறிக்கை அவருடையது அல்ல, எடுத்து நீட்ட முடியாது. ஆனாலும் வாக்கை மீறாமலே, தொட்டியை நிரப்பினால் எல்லாம் தெரியும் என்று வாசல்வரை வந்து சொன்னார். இசக்கிராஜை எந்த வாக்கும் கட்டவில்லை. ஃபைல் அவருடையது, ஜிப்பைத் திறந்து காட்ட ஒரு நிமிஷம் போதும். சகலையின் பொறாமை அவருக்கு அத்துபடி. காரணம் சொல்லாமல் 'வேண்டாம்' என்றால் அந்த மனுஷன் எங்கே ஓடுவார் என்று தெரிந்துதான் சிரித்தார். இதையெல்லாம் சொந்தக்காரர்கள் பரமானந்தத்துக்கும் எடுத்துச் சொன்னார்கள். பொறுமையாகக் கேட்டார், தலையை ஆட்டினார். பிறகு எஞ்சினியர் அம்மாளைத் தனியே கூப்பிட்டு, மெதுவாகக் கேட்டார்: "மேடம், தம்பி இப்ப எந்த வீட்டப் பாக்கான்?"