ஒரு நூல் மாறாத கட்டடம்

கோணவாய்க்கால் ஊரில் கட்டட வேலை படித்தவர்கள் மூன்றே பேர். மூன்று பேரையும் ஒரே வேலையில் சேர்த்துவிட்டது யார் என்று கேட்டால் இன்றுவரை ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

தணிகாசலம் ஆர்க்கிடெக்ட். மூக்கையா எஞ்சினியர். பவுன்ராஜ் டிசைனர். டிசைனர் என்றால் என்ன வேலை தம்பி என்று கேட்டால், "அந்த ரெண்டு அண்ணனும் முடிச்சதுக்கப்புறம் கலர் அடிக்கிறதுங்க" என்பான். மூன்று பேரும் தங்கமான மனுசங்க. சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

ஊர்ச் சாவடியில் நானூற்றுப் பன்னிரண்டு பழைய பூட்டுகள் கிடந்தன. மாங்காய்ப் பூட்டு, நாலு சாவி போட்டால் திறக்கிற பெட்டகப் பூட்டு, கள்ளச்சாவி போட்டவன் விரலைக் கவ்விக்கொள்கிற பூட்டு என்று ரகம் ரகமாக. அதற்கெல்லாம் ஒரு அருங்காட்சியகம் கட்டச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

உத்தரவைப் படித்துவிட்டுத் தணிகாசலத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. காரணம் இருக்கிறது. அதுவரைக்கும் அவர் ஏழு பஸ் நிழற்குடை வரைந்து கொடுத்திருந்தார். ஏழிலும் கல்வெட்டு உண்டு. திறந்து வைத்தவர் பேர், தலைமை தாங்கியவர் பேர், முன்னிலை வகித்தவர் பேர் எல்லாம் அதில் இருந்தது. ஒன்றில் மைக் செட்காரர் பேர்கூட இருந்தது. வரைந்தவர் பேர் மட்டும் எதிலும் கிடையாது. "உங்க பேரு ரேஷன் கார்டுலயாவது இருக்கே, அதை நெனச்சு சந்தோசப்படுங்க" என்று அவர் மனைவி மரகதம் சொல்லிக்காட்டாத வாரம் இல்லை. செத்துப்போவதற்குள் ஒரு கல்லில் தன் பேரைப் பார்த்துவிட வேண்டும். மனுசனுக்கு வேற ஆசையே இல்லை.

முதலில் தெர்மகோலில் ஒரு மாதிரி செய்தார்கள். நிஜக் கட்டடத்தில் நூறில் ஒரு பங்கு. ஒன்றரை அடி நீளத்தில் நாலு சுவர், அதன்மேல் டப்பா மூடி மாதிரி ஒரு கூரை. கதவையும் சன்னலையும் பவுன்ராஜ் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தான். வாசலில் ஐந்து குட்டிப் பொம்மைகளை நிறுத்தினான். ஒட்டியது சரியில்லாமல் ஒரு பொம்மை மல்லாக்க விழுந்துவிட்டது.

அருங்காட்சியகத் துறையின் இயக்குநர் அமிர்தவல்லி அம்மா மாதிரியைப் பார்க்க வந்தார். இரண்டு விரலால் கூரையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். மூடினார். குடித்துக்கொண்டிருந்த காப்பி டம்ளரைக் கூரைமேல் வைத்தார். இடது முழங்கையைக் கூரையின் ஒரு மூலையில் ஊன்றிக்கொண்டு, தெர்மகோல் நசுங்கியதைக் கவனிக்காமல், கூரைமேலேயே பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். டம்ளரை எடுத்தார். வட்டமாய்க் கறை.

"நல்லாருக்கு. கட்டடம் அப்படியே இந்த மாதிரியாட்டம் இருக்கணும். ஒரு நூல் மாறக்கூடாது. மாறாம கட்டினா உங்க பேரு கல்வெட்டுல வரும். மாறிச்சுன்னா வராது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்கம்மா" என்றார் தணிகாசலம். கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த அம்மாவின் கார் போன திசையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார்.

அஸ்திவாரம் போட்டு, சுவர் இடுப்பளவு வந்தபோது முதல் சந்தேகம் முளைத்தது. வாசலுக்கு எங்கே இடம் விடுவது என்று மேஸ்திரி கேட்டார். மூவரும் மாதிரியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"மாதிரியில வாசல் இருக்கா?" என்றார் மூக்கையா.

"வரைஞ்சிருக்கேண்ணே" என்றான் பவுன்ராஜ்.

"வரைஞ்சது தெரியுது. திறக்குதா?"

பவுன்ராஜ் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். "திறக்கலண்ணே."

"அப்ப இங்கயும் வரைஞ்சுட வேண்டியதுதான்."

தணிகாசலம் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏய்யா மூக்கையா, வாசல் இல்லாம சனங்க எப்படிய்யா உள்ள போவாங்க?"

"மாதிரிக்குள்ள யாராச்சும் போனாங்களா?"

"போகல."

"அம்மா அதை ஒரு குறையாச் சொன்னாங்களா?"

"நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க."

"அப்புறம் நமக்கென்னய்யா?"

தணிகாசலம் யோசித்தார். வாசலா, கல்வெட்டில் பேரா என்று மனசுக்குள் நிறுத்துப் பார்த்தார். ஊரில் வாசல் ஆயிரம் இருக்கிறது. "கட்டு" என்றார்.

சுவர் முழுசாக எழும்பியது. நூற்றைம்பது அடி நீளத்துக்கு ஒரு ஓட்டை கிடையாது. பவுன்ராஜ் சாரத்தில் ஏறி, வாளி வாளியாகப் பெயிண்ட் எடுத்து, கதவு, தாழ்ப்பாள், சன்னல் கம்பி வரைக்கும் வரைந்து முடித்தான். அந்தக் கதவு அத்தனை தத்ரூபமாக அமைந்ததில், கொத்து வேலைக்கு வந்த இரண்டு பேர் மூக்கை உடைத்துக்கொண்டார்கள். ஏணி வைத்துச் சுவரைத் தாண்டி, கண்ணாடிப் பெட்டிகளையும் நானூற்றுப் பன்னிரண்டு பூட்டுகளையும் உள்ளே இறக்கி வைத்தார்கள்.

கூரையைத் தனியாகத் தரையிலேயே வார்த்தார்கள். மாதிரியில் அது மூடிதானே. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே நசுங்கிய மூலையை முடித்துவிட வேண்டும் என்றார் மூக்கையா.

"அம்மா ஊன்றினது ஒரு முழங்கை. நம்ம கட்டடம் நூறு மடங்கு. அப்ப நூறு முழங்கை வேணும்."

ஊரில் தமுக்கடித்து ஆள் சேர்த்தார்கள். நூறு பேரும் அந்த ஒரே மூலையைச் சுற்றிக் குவிந்து இடது முழங்கையை ஊன்ற வேண்டும். ஊன்றினார்கள். ஒருத்தர் வலது கையை ஊன்றிவிட்டார் என்று தெரிந்து, பூசி மெழுகி, மறுபடி முதலிலிருந்து ஊன்றினார்கள். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தது மத்தியானம்தான் முடிந்தது. யாருடைய சட்டைக் கையோ ஒன்று இன்னமும் அந்தக் கான்கிரீட்டில்தான் இருக்கிறது.

அடுத்தது கறை. இரண்டரை அங்குல வட்டம் நூறு மடங்காகும்போது இருபத்தோரு அடிக்கு வருகிறது. பழுப்பு பெயிண்ட் அடிக்கலாம் என்றான் பவுன்ராஜ்.

தணிகாசலத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "மாதிரியில இருக்கிறது பெயிண்டாடா? காப்பிடா! எதுக்கு வம்பு?"

"காப்பியா, டீயான்னு இப்ப எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?"

பஸ் ஸ்டாண்டு டீக்கடை கருப்பணனைக் கூட்டிவந்தார்கள். அவர் மாதிரியை மூக்குக்கு நேராகப் பிடித்து மோந்தார். கண்ணை மூடினார். "காப்பிதான். ரெண்டாந்தரம் இறக்கின டிகாஷன். சர்க்கரை கம்மி" என்றார். அதன்படியே எட்டு அண்டா இரண்டாந்தர டிகாஷன் இறக்கி, சர்க்கரை கம்மியாகப் போட்டு, வட்டமாக ஊற்றிக் காயவைத்தார்கள். ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் எறும்புக்குப் பயந்து யாரும் செருப்பில்லாமல் நடக்கவில்லை. அதற்கும் மேலே, பச்சைப் பெயிண்டில், தெருவகலத்துக்கு அமிர்தவல்லி அம்மாவின் கையெழுத்து. அப்புறம் கிரேன் வைத்துக் கூரையைத் தூக்கிச் சுவர்மேல் மூடினார்கள். பக்கத்து மலைமேல் நின்று பார்த்தால் கையெழுத்து அச்சாகத் தெரிந்தது.

மாதிரியில் இருந்த ஐந்து பொம்மைகளுக்குப் பதிலாக வாசலுக்கு ஐந்து ஆள் எடுத்தார்கள். நிற்கிற நாலு வேலைக்கு ஆள் பிடிக்கப் பெரும்பாடாகிவிட்டது. மல்லாக்கப் படுக்கிற ஒரு வேலைக்கு மட்டும் எழுபது மனு வந்தது.

திறப்பு விழா நாளும் வந்தது. தணிகாசலம் மாப்பிள்ளை கணக்காகப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். மரகதமும் வந்திருந்தாள். காலையிலிருந்து வயிற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் தணிகாசலம் அந்த அம்மாவின் கார் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அமிர்தவல்லி அம்மா காரை விட்டு இறங்கினார். மல்லாக்கக் கிடந்தவரைப் பார்த்து, "ஐயோ, என்னாச்சு இவருக்கு?" என்றார்.

"டூட்டியில இருக்காருங்கம்மா" என்றான் பவுன்ராஜ்.

அந்த அம்மா கதவுக்குப் போனார். தாழ்ப்பாளைப் பிடிக்கப் போய் கை வழுக்கியது. இன்னொரு தரம் பிடித்தார். பிறகு சுவரைத் தட்டிப் பார்த்தார். கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். முகம் சிவந்து போயிருந்தது.

"எங்கய்யா வழி? உள்ள எப்படிய்யா போறது?"

"அன்னைக்கு நீங்க பார்த்த மாதிரியேதாங்கம்மா" என்றார் தணிகாசலம் பணிவாக. "கூரையைத் தூக்கி."

"கிரேன் எங்க?"

மூக்கையாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. "அன்னைக்கு நீங்க கிரேன் வச்சாம்மா தூக்கினீங்க? ரெண்டு விரல்லதானே தூக்கினீங்க. நூறு மடங்குக்கு இருநூறு விரலு. எல்லாம் தயாரா இருக்கு."

அவர் விசில் அடித்தார். நாற்காலியும் ஏணியுமாகச் சுவரைச் சுற்றி இருநூறு பேர் ஏறி நின்று, ஆளுக்கு ஒரு விரலைக் கூரையின் விளிம்புக்கு அடியில் கொடுத்தார்கள். "ஐலசா" என்றார் மூக்கையா. இருநூறு பேரும் ஐலசா என்றார்கள். கூரை அசையவில்லை. விரல் சுளுக்கிய பதினெட்டுப் பேரை நிழலில் உட்கார வைத்தார்கள்.

அமிர்தவல்லி அம்மாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "கொண்டாய்யா அந்த மாதிரியை!" என்று கத்தினார். கையில் மாதிரியை வைத்துக்கொண்டு, எங்கேயாவது ஒரு நூல் மாறியிருந்தால் மூன்று பேர் சீட்டையும் கிழித்துவிடுவது என்று தேடினார். கதவு அப்படியே இருந்தது. சன்னல் அப்படியே இருந்தது. ஏணியில் ஏறி மூலையைப் பார்த்தார், கறையைப் பார்த்தார். கடைசியில் இத்தனைக்கும் ஒப்புதல் கொடுத்து அந்த மலை வரைக்கும் தெரிகிற தன் கையெழுத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் ஏணியிலிருந்து இறங்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

தணிகாசலம் ஏணிக்கடிக்கு ஓடினார். "அம்மா... மாறலையே?"

"ஒரு நூல்கூட மாறல" என்றார் அந்த அம்மா, செத்த குரலில். "பேரை வெட்டிக்கோங்க. இதைக் கட்டினது யாருன்னு ஊரு உலகத்துக்குத் தெரியட்டும்." சொல்லிவிட்டுக் காரில் ஏறியவர்தான், அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கல் தச்சர் சன்னாசி அன்றைக்கு மத்தியானமே வரைந்த கதவுக்குப் பக்கத்தில் கல்வெட்டுக்கென்று நட்டிருந்த வெறுங்கல்லில் உளியை வைத்தார். 'வடிவமைத்தவர்: தணிகாசலம்' என்று வெட்டி முடித்தார். தணிகாசலம் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். மரகதம்கூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அப்படி அவள் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து மூக்கையா பூதக்கண்ணாடியும் மாதிரியுமாக வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மோசம் போயிட்டோம்யா. மாதிரியில கல்வெட்டுன்னு இவன் ஒரு துணுக்கு ஒட்டியிருக்கான் பாரு. அதுல ஒரு எழுத்தும் இல்ல. நம்ம கல்லுல இருக்கு. கட்டடம் மாறிப்போச்சு!"

"மாதிரியிலயும் ஊசியால பேரை எழுதிடலாம்ணே" என்றான் பவுன்ராஜ்.

"அம்மா கையெழுத்துப் போட்ட சாமான்டா அது! அதுல கை வச்சா மோசடி" என்று சீறினார் தணிகாசலம். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாறினால் பேர் வராது என்பது உத்தரவு. மாறிவிட்டது. ஆகவே இந்தப் பேர் இங்கே இருக்கக்கூடாது. நேர்மையான மனுசன். தன் வாயாலேயே, "செதுக்கி எடுத்துரு சன்னாசி" என்றார்.

சன்னாசி செதுக்கி எடுத்தார். கல் பழையபடி வெறுமையாயிற்று. மூக்கையா பூதக்கண்ணாடி வைத்து இரண்டையும் ஒத்துப் பார்த்தார்.

"இப்ப ஒரு நூல் மாறலய்யா" என்றார்.

"மாறலையா?" தணிகாசலம் துள்ளி எழுந்தார். "மாறாம கட்டினா பேரு வரும்னுதானே உத்தரவு? வெட்டு சன்னாசி!"

சன்னாசிக்கு அது நிரந்தர வேலையாகிவிட்டது. ஒரு நாள் வெட்டுகிறார், மறுநாள் செதுக்கி எடுக்கிறார். கல் தேயத் தேய மாற்றியதில் இப்போது இருப்பது ஆறாவது கல். பேர் இருக்கிற நாளில் தணிகாசலம் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கமே வருவதில்லை. பேர் இல்லாத நாளில்தான் பட்டு வேட்டி கட்டி, மரகதத்தையும் கூட்டிக்கொண்டு, அந்த வெறுங்கல்லுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். போகிற வருகிறவர்களை நிறுத்தி, "நல்லாப் பாருங்க, இன்னைக்கு என் பேரு இதுல இருக்கணும்" என்று காட்டுகிறார்.