பிக்கப்புக்கு மண், பந்திக்கு அரிசி

சொன்ன சொல்லை ஒரு இம்மியும் தட்டாத மூன்று பேர் கனடாவில் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் ஒரு குறையும் வந்திராது.

மூத்தவர் சிவகடாட்சம். மற்ற இருவரும் அவருடைய மனைவியின் தம்பிமார், தவபாலனும் குணசிங்கமும். வடக்கே, வருஷத்தில் ஐந்து மாதம் பனி கொட்டுகிற ஒரு சின்னப் பட்டணத்தில் இருந்தார்கள். சிவகடாட்சத்திடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. அதில் உருளுகிற நாலு சில்லில் பின்சில்லு இரண்டும்தான் இழுக்கும். முன்சில்லு இரண்டும் சும்மா கூடப் போகும், கலியாண வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி.

தை மாதத்தில் அவருடைய மகளுக்குக் கலியாணம். "சம்பந்தி, பந்திக்கு அரிசி என்ரை பொறுப்பு. முந்நூறு பேருக்கும் நானே கொண்டுவருவன்" என்று மாப்பிள்ளையின் தகப்பன் பேரின்பநாயகத்துக்குச் சபையில் வைத்துச் சொல்லியிருந்தார். பேரின்பநாயகம் மீசையைத் தடவிக்கொண்டு, "பாப்பம்" என்றார். அந்த ஒரு சொல் சிவகடாட்சத்தின் நெஞ்சுக்குள் முள்ளாய்க் கிடந்தது.

கலியாணத்துக்கு முதல்நாள் முழங்கால் அளவுக்குப் பனி கொட்டிவிட்டது. மூவரும் கராஜ்காரர் றொபேர்ட்டிடம் ஓடினார்கள். நல்ல மனுஷன். ஆறுதலாக மூன்று புத்தி சொன்னார்.

"வெறும் வண்டி வழுக்கும். பின்சில்லுக்கு மேலே இருநூறு கிலோ மண்மூட்டை போடுங்கோ. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். முன்னுக்குப் போற வண்டியின்ரை சுவட்டிலேயே போங்கோ. மிதிக்கிற காலுக்குக் கீழே ஒரு கோழிமுட்டை இருக்கிற மாதிரி நினைச்சு, மெல்ல மிதியுங்கோ."

தவபாலன் எல்லாவற்றையும் கலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார்.

கலியாணத்தன்று காலை ஏழு மணி. பெண்கள் எல்லாரும் மணப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு முன்னரே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். ஆகவே வீட்டில் புத்தி சொல்ல ஒருவரும் இல்லை. இருபது கிலோ அரிசிமூட்டை பத்தும் பிக்கப்பில் ஏறியிருந்தன. பக்கத்தில் மண்மூட்டை பத்தும் ஏறக் காத்திருந்தன.

கணக்கில் கெட்டிக்காரரான குணசிங்கம் நெற்றியைச் சுருக்கினார்.

"அத்தான், அரிசி இருநூறு கிலோ. மண் இருநூறு கிலோ. ரெண்டும் சேர்ந்தா நானூறு."

"கூடவும் வேண்டாம் எண்டல்லோ சொன்னவர்?"

"ஓம். அப்ப ஒண்டை இறக்கவேணும்."

"எதை இறக்கிறது?"

தவபாலன் கலண்டர் தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்துப் பார்த்தார். "அரிசியைப் பற்றி றொபேர்ட் வாயே திறக்கேல்லை அத்தான். மண் எண்டுதான் கிடக்கு."

அதற்கு மறுபேச்சு ஏது? மூவரும் வேர்க்க விறுவிறுக்க அரிசியை இறக்கி வைத்துவிட்டு மண்ணை ஏற்றினார்கள்.

"முட்டை?" என்றார் குணசிங்கம்.

"நினைக்கத்தானே சொன்னவர்?"

"நினைச்சா மறந்துபோம் அத்தான். வைச்சா மறக்காது."

"கலியாண நாளிலை முட்டையோ! சிவ சிவா!" என்று சிவகடாட்சம் காதைப் பொத்தினார். கடைசியில், முட்டைக்குப் பதிலாகச் சுவாமி படத்தடியில் இருந்த தேசிக்காயை எடுத்து மிதிகட்டைக்குக் கீழே வைத்தார்கள். அது நல்ல முற்றின எலுமிச்சங்காய். என்ன மிதித்தாலும் வண்டி மணிக்குப் பத்து கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போக மறுத்தது.

தெருவில் ஏறியதும் முன்னால் ஒரு சிவப்புக் கார் போயிற்று. "சுவடு! சுவடு!" என்று தவபாலன் கத்தினார். அது வீடு வீடாகப் பத்திரிகை போடுகிற ஒரு பெண்ணின் கார். அவள் ஒரு வீட்டு வாசலுக்குள் திரும்பினால் இவர்களும் திரும்பினார்கள். அவள் நின்றால் இவர்களும் நின்றார்கள். முப்பத்திரண்டு வீட்டுக்கு இப்படிப் போனபின், அவள் பயந்துபோய் இறங்கி வந்தாள்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்டும் வேண்டாம் பிள்ளை. நீங்கள் போங்கோ, நாங்கள் பின்னாலை வாறம்."

அவள் இவர்களுக்கும் ஒரு பத்திரிகையை ஜன்னலால் எறிந்துவிட்டு, ஒரே ஓட்டமாகப் பெரிய றோட்டுக்கு ஏறினாள். நல்லகாலம், அந்த றோட்டில்தான் மண்டபம் இருந்தது.

பத்தரை மணிக்குப் பிக்கப் மண்டபத்து வாசலில் போய் நின்றது. சிவகடாட்சம் மார்பை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார். "ஒரு இடத்திலையும் வழுக்கேல்லை சம்பந்தி!"

சமையல்காரர் மாணிக்கராசா கரண்டியும் கையுமாக ஓடிவந்து ஒரு மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். பிறகு சிவகடாட்சத்தைப் பார்த்தார்.

"அண்ணை, இதென்ன?"

"மண்."

"உலை கொதிக்குது. இதையோ போடுறது? அரிசி எங்கை?"

"வீட்டிலை பத்திரமா இருக்கு."

பேரின்பநாயகம் மீசையைத் தடவினார். "பாப்பம் எண்டு சொன்னனான். பாத்திட்டன்" என்றார். சிவகடாட்சத்துக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. முகூர்த்தம் பன்னிரண்டுக்கு. முந்நூறு வயிறு அதற்குப் பின்னால் காத்திருந்தது.

மாணிக்கராசா கரண்டியைக் கீழே போட்டார். "இனி உங்களை நம்பேலாது. நானே வாறன். நானே ஓடுறன்" என்று சாரதி இருக்கையில் ஏறினவர், காலடியில் கிடந்த தேசிக்காயை எடுத்து ரசத்துக்கு ஆகுமென்று மடியில் கட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் மண்ணை வாசலில் கொட்டுவித்து அரிசியை ஏற்றுவித்தார்.

"ஐயோ, மண் இல்லாமல் வழுக்குமே!" என்று மூவரும் அலறினார்கள்.

"வழுக்கினா வழுக்கட்டும்!"

சிவகடாட்சம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முருகா, பின்னாலை நிண்டு பிடிச்சுக்கொள்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். வண்டி ஒரு சாண்கூட வழுக்கவில்லை. பதினொன்றேகாலுக்கு அரிசி உலையில் விழுந்தது. பன்னிரண்டுக்குத் தாலி ஏறியது. ஒரு மணிக்கு முதல் பந்தி. பேரின்பநாயகம் இரண்டாம்முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "குறை சொல்லேலாது சம்பந்தி" என்றார். சிவகடாட்சத்தின் நெஞ்சு முள் அத்தோடு கழன்று விழுந்தது.

பின்னேரம் எல்லாரும் புறப்பட்டார்கள். சிவகடாட்சமும் மைத்துனர்மாரும் மட்டும் பிக்கப்பைச் சுற்றிக் கவலையோடு நின்றார்கள்.

"ஏன் மாமா, வீட்டுக்குப் போகேல்லையோ?" என்றான் புதுமாப்பிள்ளை.

"எப்பிடித் தம்பி போறது? மண் வீட்டிலையல்லோ கிடக்கு."

"வரேக்கை மண் இல்லாமல்தானே வந்தனீங்கள்?"

"அது முருகன் பிடிச்சுக்கொண்டு வந்தவர். ஒருநாளிலை ரெண்டுதரம் அவரைக் கரைச்சல்படுத்தக்கூடாது. நீர் உம்முடைய ஜீப்பிலை ஒருக்காப் போய் அந்த மண்ணை எடுத்துக்கொண்டு வாரும். பிக்கப்பிலை ஏத்திக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போயிடுவம்."

மாமனார் கேட்கிற முதல் உதவி. மாப்பிள்ளை பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினான்.

"பொறும் பொறும்!" என்று குணசிங்கம் குறுக்கே பாய்ந்தார். "வெறும் ஜீப் வழுக்காதோ அத்தான்? பின்னாலை பாரம் வேணுமே! மண்ணுக்கு எங்கை போறது?"

மூவரும் யோசித்தார்கள். தவபாலன் கலண்டர் தாளை இன்னொருமுறை விரித்தார்.

"மண் எண்டது பிக்கப்புக்கு அத்தான். ஜீப்புக்கு என்ன போடுறதெண்டு றொபேர்ட் ஒண்டும் சொல்லேல்லை."

சிவகடாட்சத்தின் முகம் மலர்ந்தது. குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"மாணிக்கராசா! மிஞ்சின அரிசி மூண்டு மூட்டையையும் ஜீப்பிலை ஏத்து. தம்பி மண்ணெடுக்கப் போறார்!"